கப்பல் எண்ணைப் பிடித்துக்கொண்டு ஊர் தேடுகிறவர்கள்

1860 அக்டோபர் 12 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 342 பேரை ஏற்றிக்கொண்டு சென்னைக் கரையிலிருந்து கிளம்பியது. நவம்பர் 16-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் கூட்டம் அது. 1911-ல் ஆள் அனுப்புவது நிறுத்தப்படும்வரை அப்படிப் போனவர்கள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள்.

அவர்களுடைய கொள்ளுப்பேரன் பேத்திகள் இப்போது ஊரைத் தேடுகிறார்கள். பலருக்குத் தமிழ் பேச வராது. பெயருக்குப் பின்னால் கவுண்டரோ, பிள்ளையோ, முனிசாமியோ ஆங்கில உச்சரிப்பில் திரிந்து ஒட்டிக்கொண்டிருக்கும். பூர்வீகம் எது என்று கேட்டால் ‘மெட்ராஸ்’ என்பார்கள். கப்பல் ஏறிய இடமே குடும்ப நினைவில் சொந்த ஊராக நின்றுவிட்டது. ஆற்காட்டுப் பக்கத்திலோ செங்கல்பட்டுப் பக்கத்திலோ ஏதோ ஒரு கிராமத்தில் விட்டுவந்த வீடும் உறவும் மூன்று தலைமுறைக்குள் மறந்துபோயின.

மறக்காமல் இருந்தது வெள்ளைக்காரன் பேரேடு. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, ஒவ்வொரு வரியாக எழுதிவைத்தார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, உயரம், ஜில்லா, தாலுகா, கிராமம். கடைசிக் கட்டத்தில் அங்க அடையாளம்: முழங்காலில் ஒரு தழும்பு, புருவத்துக்கு மேல் ஒரு மச்சம், இப்படி ஏதாவது. ஆளை அடையாளம் காண்பதற்காக எழுதிய குறிப்பு அது. அந்த ஏழைகளில் பெரும்பாலோருக்குப் போட்டோ கிடையாது. தாத்தாவின் தாத்தா எப்படி இருந்தார் என்பதற்கு அந்த வாரிசுகள் கையில் இருப்பது அவருடைய உயரமும் அந்தத் தழும்பும்தான். முதல்முறை அந்த வரியைப் படிக்கிற யாருக்கும் தொண்டை அடைக்கும்.

அந்த எண்தான் சாவி. கூலியின் பிள்ளைகளுடைய பிறப்புப் பதிவிலும் கல்யாணப் பதிவிலும்கூட அது தொடர்ந்து வந்தது. பாட்டியின் டிரங்குப் பெட்டியில் மடித்துக் கிடக்கும் ஒரு பழைய காகிதத்தில் எண் தெரிந்தால் போதும். முன்பெல்லாம் அதை எடுத்துக்கொண்டு ஆவணக் காப்பகத்துக்குப் போய், அனுமதி வாங்கி, தடித்தடியான பேரேடுகளைப் புரட்ட வேண்டும். டர்பன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாடுபட்டு அந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றினார்கள். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் அவற்றை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. இன்று எண்ணைத் தட்டினால் சில நொடிகளில் வரி வந்து நிற்கிறது.

உலகம் முழுக்க இதே வேகத்தில்தான் வேலை நடக்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலிருந்து இயங்கும் ‘ஃபேமிலிசர்ச்’ அமைப்பு, 1938 முதல் சேர்த்த சுமார் 24 லட்சம் மைக்ரோஃபிலிம் சுருள்களை டிஜிட்டல் ஆக்கும் பணியை 2021-ல் முடித்தது. கணக்கு தொடங்கக் கட்டணம் இல்லை. அமெரிக்காவில் 1950-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கேடு 2022-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது, கையெழுத்தைச் செயற்கை நுண்ணறிவே படித்துப் பெயர்ப் பட்டியல் தயாரித்தது.

நம் ஆட்கள் விஷயத்தில் எந்திரம் தடுமாறுகிற இடமும் இருக்கிறது. தமிழன் பெயரில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தகப்பன் பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். தேடும் படிவமோ ‘கடைசிப் பெயர்’ கேட்கிறது. எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். ஒரே முனுசாமி மூன்று பட்டியலில் மூன்று எழுத்துக்கூட்டலில் இருப்பார். ஊர்ப் பெயர் இன்னும் மோசம். ‘வாண்டிவாஷ்’ வந்தவாசி என்று கண்டுபிடித்துவிடலாம். ‘பூடூர்’ என்று இருந்தால் அது புதூரா, பூதூரா, புத்தூரா? ஜில்லா ‘நார்த் ஆர்காட்’ என்றால், அது இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்து கிடக்கிறது. 1911-ல் சித்தூர்ப் பகுதியும் தனியாகப் போய், இப்போது ஆந்திராவில் இருக்கிறது.

இந்தக் கடைசி மைலைக் கடக்க உள்ளூர்க்காரர் வேண்டும். தொழில்நுட்பம் செய்திருக்கும் பெரிய காரியம் என்று நான் நினைப்பது, அந்த உள்ளூர்க்காரரையும் டர்பன்காரரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் உட்காரவைத்ததைத்தான். பேரேட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுகிறார் ஒருவர். பழைய நில அளவை வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்திப் பார்க்கிறார் இன்னொருவர். ‘எங்கள் வீட்டில் பச்சையம்மனைக் கும்பிடுவோம்’ என்று அங்கிருந்து ஒரு வரி வந்தால், ஆரணிப் பக்கத்துக்காரருக்கு முனுகப்பட்டுக் கோயில் சட்டென்று நினைவுக்கு வரும். உடனே அவர் அடுத்த கேள்வி கேட்பார்: கெடா வெட்டுவீர்களா, பொங்கல் மட்டுமா, மொட்டை போடுவது எந்த மாதம்? மொழியை விட்டவர்கள் சாமியை விடவில்லை. டர்பனுக்கு அருகே மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் இன்றும் புனித வெள்ளி விடுமுறையில் திருவிழா களைகட்டுகிறது. எந்தத் தரவுத்தளத்திலும் இல்லாத தடயங்கள் குலதெய்வ வழக்கத்தில் இருக்கின்றன.

டி.என்.ஏ. பரிசோதனையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எச்சிலைக் குப்பியில் அனுப்பினால் ‘இவர் உங்களுக்கு மூன்றாம் முறை உறவு’ என்று பட்டியல் வருகிறது. அந்தக் கணக்கு, சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யாத சமூகங்களை மனதில் வைத்துப் போட்டது. நம் வீடுகளில் அத்தை மகனும் மாமன் மகளும் தலைமுறை தலைமுறையாக மணந்திருக்கிறார்கள். ஒரே ஆள் இரண்டு மூன்று வழியில் உறவாவதால், தூரத்து உறவும் நெருங்கிய உறவு மாதிரி தெரியும். காகித ஆதாரம் இல்லாமல் அந்தப் பட்டியலை மட்டும் நம்பி வம்ச மரம் வரையக் கூடாது. ஒருவர் கொடுக்கும் மாதிரி அவருடைய உறவினர் அத்தனை பேரின் ரகசியத்தையும் தொடுகிறது என்பதும் நினைவில் இருக்கட்டும். 2023-ல் ‘23 அண்ட் மீ’ என்ற டி.என்.ஏ. பரிசோதனை நிறுவனத்தில் நடந்த தகவல் திருட்டு சுமார் 69 லட்சம் பேரைப் பாதித்தது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

எல்லோரும் கை வைக்கக்கூடிய பொது வம்ச மரங்களிலும் கவனம் வேண்டும். ஒரே பெயருள்ள இரண்டு பேரை ஒருவர் அவசரத்தில் ஒன்றாக்கிவிட்டால், அந்தப் பிழையை நூறு பேர் நகல் எடுப்பார்கள். பேரேட்டுப் படத்தை இணைக்காத தகவலை ஏற்பதில்லை என்று குழுவில் முதலிலேயே பேசி முடிவு செய்வது நல்லது. சாதிக் கட்டத்தையும் அப்படியே வேதவாக்காக எடுக்க வேண்டாம். கப்பலுக்கு முன் தங்கவைத்த டெப்போவில் சாதியை மாற்றிச் சொல்லிக் கப்பல் ஏறியவர்கள் உண்டு. அந்தச் சுதந்திரத்தை அவர்களிடமிருந்து இப்போது பறிக்க வேண்டியதில்லை.

நம் பக்கம் செய்யவேண்டிய வேலை நிறைய இருக்கிறது. பரணில் கிடக்கும் கிரயப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை, ஜாதகம் எல்லாமே ஆவணம்தான். மொய் நோட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எந்த ஊரிலிருந்து, யார், என்ன உறவில் வந்தார்கள் என்று வரிசையாகச் சொல்லும் புத்தகம் வேறு எங்கே இருக்கிறது? கரையான் அரிப்பதற்குள் செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, யார் வீட்டு நோட்டு, எந்த வருஷத்துக் கல்யாணம் என்று குறித்துவையுங்கள். எண்பது வயதுப் பெரியம்மாவை உட்காரவைத்து உறவுமுறைகளைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

தென்னாப்பிரிக்காவிலிருந்தோ ஃபிஜியிலிருந்தோ மொரீஷியசிலிருந்தோ முன்பின் தெரியாத ஒருவர், தப்பும் தவறுமாக எழுதிய உங்கள் ஊர்ப் பெயரைக் குறிப்பிட்டு விசாரித்தால், மோசடி என்று உடனே ஒதுக்கிவிடாதீர்கள். பணமோ வங்கி விவரமோ கேட்டால் விலகிக்கொள்ளுங்கள். அவர் கேட்பது ஊரைப் பற்றி மட்டும் என்றால், பேரேட்டுப் பக்கத்தின் படத்தை அனுப்பச் சொல்லி, தெருப் பெரியவர் ஒருவரிடம் விசாரித்து, தெரிந்ததை எழுதி அனுப்புங்கள்.