பட்டணத்துக் கூரையில் பிழைத்த புல்வெளி

பட்டணங்களில் இடம் குறுகிக் கட்டடங்கள் நெருங்கவே, தளத்தின்மேலும் சுவர்களின்மேலும் செடி கொடிகளை வளர்க்கும் வழக்கம் பல தேசங்களில் பரவி வருகின்றது. வெயிலின் கொடுமை தணிவதும், பெருமழையின் நீர் ஒரேயடியாய்ச் சாக்கடைக்குப் பாயாமல் மண்ணில் தங்கி மெல்ல வடிவதும் இதன் பயன்களாம். இது பட்டணவாசிகளின் காரியமன்றோ, நிலமுடையோருக்கு இதில் என்ன உண்டு என்று நமது வாசகர்கள் கேட்கலாம். சுவிட்ஸர்லாந்து தேசத்து ஜூரிச் நகரத்தின் கூரையொன்றின் சரித்திரத்தைக் கேட்டபின் அவ்விதம் தோன்றாது.

ஜூரிச் நகரின் வொல்லிஸ்ஹோஃபன் என்னும் பகுதியில், ஏரித் தண்ணீரை மணலில் வடித்துக் குடிநீராக்கும் நிலையம் ஒன்று 1914-ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. வடிதொட்டிகளின் மேலுள்ள கான்கிரீட் தளம் வெயிலில் காய்ந்தால் உள்ளேயுள்ள நீர் சூடேறும். சூடேறிய நீரில் கிருமிகள் பெருகும். ஆகையால் தளத்தின்மேல் 2 சென்டிமீட்டர் கனத்திற்குத் தார்க்கலவை பூசி, அதன்மேல் நீர் வடிவதற்காக மணலும் சரளையும் 5 சென்டிமீட்டர் பரப்பி, அதற்கும் மேலே அக்கம்பக்கத்து நிலங்களில் வெட்டிய மேல்மண்ணை 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை, அதாவது ஏறக்குறைய ஒரு சாண் உயரம், இட்டார்கள். தளங்களின் மொத்தப் பரப்பு சுமார் 7½ ஏக்கர். தண்ணீர் குளிர்ச்சியாய் இருக்க வேண்டும் என்பதற்கு மேல் கட்டினவர்களுக்கு வேறொரு கருத்தும் இருக்கவில்லை.

மண்ணை மட்டும் கொண்டுபோனோம் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். ஆயின் மேல்மண் வெறும் மண்ணன்று. புல்நிலத்தின் விதைகளும், கிழங்குகளும், வேருடன் கூடி வாழும் பூசணங்களும் அதிலேயே அடங்கியுள்ளன. அவையாவும் மாடி ஏறின. பின்னாளில் தாவர சாஸ்திரிகள் கணக்கெடுத்தபோது அக்கூரைகளில் 175 வகைத் தாவரங்கள் காணப்பட்டன. அவற்றுள் 9 வகைகள் ஆர்க்கிட் என்னும் பூச்செடிகள். ஊதாநிறப் பூங்கொத்துடைய ஒரு வகை மாத்திரம் சுமார் 6,000 செடிகள் இருந்தன. சுற்றுப்புற வயல்வெளிகளில் அரிதாகிப்போன இனங்கள் பலவும் அங்கே இருந்தன.

கீழே அழிந்தது மேலே பிழைத்ததன் காரணம் விவசாயிகள் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. சுவிட்ஸர்லாந்தில் 1900-ஆம் ஆண்டிற்குப் பின் வறண்ட புல்நிலங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு மறைந்தது. சிலவற்றில் வீடுகள் எழும்பின. சில எருவிட்டுத் திருத்தப்பட்டன. எரு மிகுந்த நிலத்தில் உயர்ந்த புல்வகைகள் ஓங்கிச் சிறு பூண்டுகளை நிழலில் அமுக்கிவிடும். ஆர்க்கிட்டின் விதையோ தூசியினும் நுண்ணியது. தனக்கென்று உணவு வைத்திராதது. தக்க பூசணம் மண்ணிலிருந்து ஊட்டினாலன்றி அது முளைவிட்டு வளராது. குடிநீர்த் தொட்டியின்மேல் எருக்கொட்ட யார்தான் துணிவார்? ஆகவே அம்மண் மெலிந்தே இருந்தது. அம்மெலிவே அப்பூண்டுகளுக்குக் காப்பாயிற்று. எருவிட்ட விவசாயியைக் குறைகூறுவதற்கில்லை. மாட்டுக்குத் தீனி வேண்டும். ஆயினும் பண்ணையின் ஓர் ஓரத்துத் துண்டேனும் எருவின்றி விடப்பட்டு, விதை முற்றியபின் அறுத்து, அறுத்த புல்லும் அகற்றப்பட்டு வந்திருந்தால், அவ்விதைகளுக்காகப் பட்டணத்துக் கூரையைத் தேடவேண்டியிராது.

அதே தேசத்துப் பாசல் நகரம் 2002-ஆம் ஆண்டில் கட்டடச் சட்டத்தைத் திருத்தி, புதிய தட்டைக் கூரைகளில் பயிர்ப்பசுமை வேண்டுமென்று விதித்தது. அவ்வூர் மண்ணையும் சரளையையுமே கொண்டு, ஓரிடத்தில் மெல்லியதாகவும் ஓரிடத்தில் மேடாகவும் பரப்பவேண்டும் என்பது அங்குள்ள முறை. அந்நாட்டுக் கூரைகள் சிலவற்றில், நமது ஆட்காட்டிக் குருவிக்கு உறவான ஒரு பறவை முட்டையிட்டுக் குஞ்சு பொரித்ததுண்டு. ஆனால் குஞ்சுகள் சில நாட்களிலேயே மடிந்தன. பசுமை இருந்தது, புழு பூச்சி போதவில்லை. பார்வைக்குப் பச்சையான கூரை வேறு, உயிருள்ள மண்ணுடைய கூரை வேறு.

இதைப் படித்துத் தம் வீட்டு மெத்தையில் மண்ணேற்ற முற்படுவோர் பாரத்தை மறக்கலாகாது. நனைந்த மண், ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒவ்வொரு சென்டிமீட்டர் கனத்திற்கும் 15 முதல் 20 கிலோ வரை நிறுக்கும். ஒரு சாண் மண்ணென்றால் 300 அல்லது 400 கிலோ ஆகிவிடும். அப்பாரத்தைத் தாங்கும்படி தொடக்கத்திலேயே கட்டப்படாத வீட்டில் இது ஆபத்து. அன்றியும் நீர் கசியாத பூச்சும், நீர் வடியும் வழியும் இல்லாமல் மண்ணிட்டால் தளம் பாழாகும்.

மண்ணைப் பற்றிச் சுவிஸ் அரசாங்கம் 1998-ஆம் ஆண்டில் செய்த விதி கிராம அதிகாரிகள் அறியத்தக்கது. கட்டடத்திற்கென்று நிலத்தைத் தோண்டுவோர் மேல்மண்ணையும் அடிமண்ணையும் கலவாமல் வெவ்வேறாக எடுத்து, மீண்டும் மண்ணாகவே பயன்படும்படி காக்கவேண்டும். ஈரமாயிருக்கும்போது வண்டிகளை அதன்மேல் ஓட்டினால் மண் இறுகிக் காற்றோட்டம் அற்றுப்போகுமாதலால், வேலையை மண் உலர்ந்த நாட்களிலேயே நடத்துவது வழக்கம்.