பைதன் மொழியும் நிரலாளர் வழக்கும்

ஒரு தொழிலைச் செய்வார் ஒருங்கு கூடுமிடத்துக் கருவிகளைப் பற்றிய பேச்சே மிக்கு நிற்கும். தச்சர் இருவர் சந்திப்பின் உளியின் வாயைப் பற்றிப் பேசுவர். தையற்காரர் இருவர் சந்திப்பின் கத்தரிக்கோலைப் பற்றிப் பேசுவர். புறத்தே நிற்பார்க்கு அது வீண்பேச்சாகத் தோன்றும். கொழும்பு மாநகரில் இக்காலத்தே பெருகியுள்ள தொழிற்கூட்டத்தாருள் கணினி நிரலாளர் ஒரு சாரார். பொரளைக்கு அணித்தாய தெமட்டகொடையில் ஒராயன் சிற்றி என்னும் கட்டடத் தொகுதியிலும், மருதானையில் பழைய திரிப்போலிச் சந்தைக் கட்டடங்களிலும் இவர்களிற் பலர் பணிபுரிகின்றனர். இவர்தம் உரையாடலைக் கேட்போர், வரியை ஓரத்திலிருந்து தள்ளி எழுதுவதற்கு நான்கு வெற்றிடம் விடுவதா டாப் விசையை ஒருமுறை அழுத்துவதா என்பது குறித்து அரைமணி நேரம் வாதம் நிகழ்வதைக் கண்டு வியப்புறுவர்.

வாதம் சிறியதே. ஆயின் வீணானதன்று. நிரல் என்பது இருவர்க்காக எழுதப்படுவது. ஒருவர் அதனை இயக்கும் கணினி. மற்றவர் அதனைப் பின்னர்ப் படிக்கும் மனிதர். கணினி எதனையும் பொறுத்துக்கொள்ளும். நிரலாளர் தம்முள் மாறுபடுவனவெல்லாம் அவ்விரண்டாமவரைப் பற்றியனவே. க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் நிரல் எழுதுதற்குரிய மொழியாகப் பைதன் விதிக்கப்பட்டுள்ளமையின், தமிழ்மொழி மூலம் பயிலும் நம் மாணாக்கரும் இவ்வாதத்தினுள் வந்துவிட்டனர்.

பைதன் என்னும் பெயர் மலைப்பாம்பைக் கருதி இட்டதன்று. நெதர்லாந்து நாட்டினரான கீடோ வான் ரொஸம் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஆராய்ச்சி நிலையமொன்றிற் பணிபுரிந்த காலத்து, 1989ஆம் ஆண்டு நத்தார் விடுமுறையில் இம்மொழியை ஆக்கத் தொடங்கினார். பி.பி.சி. தொலைக்காட்சியின் 'மொன்ரி பைதன்' நகைச்சுவைத் தொடரில் அவருக்கிருந்த விருப்பே பெயர்க்குக் காரணம். 1991 பெப்ரவரியில் அது வெளியுலகிற்கு அளிக்கப்பட்டது. அதற்கு முன் அந்நிலையத்தார் தொடக்க மாணவர்க்கென ஆக்கிய ஏ.பி.சி. என்னும் மொழியில் அவர் உழைத்திருந்தார். பைதனின் தலையாய இயல்பாகிய உள்தள்ளல் அங்கிருந்து வந்ததே.

உள்தள்ளலைச் சற்று விரித்துக் கூறுவாம். சி முதலிய மொழிகளில் எவ்வெவ் வரிகள் ஒருங்கு சேர்ந்து நிற்பன என்பதை நெளியடைப்புக்கள் காட்டும். வரிகளைத் தள்ளி எழுதுதல் படிப்பார்க்குச் செய்யும் உபசாரம் மாத்திரமே. கணினி அதனை நோக்காது. பைதனில் அவ்வுபசாரமே இலக்கணமாயிற்று. ஒரு வகுப்பில் 40 மாணாக்கர் உளர். அவருள் 35 புள்ளிக்குக் குறைந்தோர் 9 பேர் எனக் கொள்க. குறைந்தோர் தொகையைக் காண ஒரு நிரல் எழுதுகின்றோம். பூச்சியத்தில் தொடங்கும் ஓர் எண்ணிக்கை. மாணாக்கரை ஒருவர்பின் ஒருவராக எடுக்கும் ஒரு வரி. அதனுள்ளே 'புள்ளி 35இற் குறைந்ததாயின்' என வினவும் ஒரு வரி. அதனினும் உள்ளே 'அவர் பெயரைக் காட்டுக' என்னும் ஒரு வரியும், அதன்கீழ் இறுதியாக 'எண்ணிக்கையுடன் ஒன்று கூட்டுக' என்னும் வரியும். இங்ஙனம் எழுதின் விடை 9. அவ்விறுதி வரியை ஒருபடி இடப்புறம் நகர்த்தின் அது வினாவுக்கு வெளியே வந்துவிடும், எல்லாரும் எண்ணப்படுவர், விடை 40. இன்னும் ஒருபடி நகர்த்தின் மாணாக்கரை எடுக்கும் வரிக்கும் புறம்பாகி ஒரே முறை நிகழும், விடை 1. சொல் ஒன்றும் மாறவில்லை. நின்ற இடமே மாறியது. மூன்று நிரல்களும் பிழைச்செய்தி எதுவுமின்றி இயங்கும் என்பதே இதிலுள்ள அபாயம்.

இனி வெற்றிடமா டாபா என்னும் வாதத்தின் பொருள் விளங்கும். ஒரு டாப் எத்துணை அகலம் என்பது கருவிக்குக் கருவி வேறுபடும். பழைய பைதன் அதனை எட்டின் மடங்காகக் கொண்டது. பல கருவிகள் நான்காகக் காட்டின. ஒருவர் வெற்றிடத்தாலும் மற்றொருவர் டாபாலும் தள்ளி எழுதிய வரிகள் திரையில் நேராக நிற்கும், இயக்கும்போது நேரல்லவாம். 2001இல் வகுக்கப்பட்ட எழுத்துநடை விதித்தொகுதி நான்கு வெற்றிடத்தையே பரிந்துரைத்தது. 2008 டிசெம்பரில் வெளிவந்த மூன்றாம் பைதன் இரண்டும் முரணாகக் கலந்த நிரலை ஏற்க மறுத்தது. அதனோடு வாதம் முடிந்திருத்தல் வேண்டும், முடியவில்லை.

நடை பற்றிய வாதம் எத்துணை ஆழமானது என்பதற்கு 2018ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றே சான்று. ஒரு மதிப்பை மாறிக்கு அளித்தலையும் அம்மதிப்பைப் பயன்படுத்தலையும் ஒரே தொடரிற் செய்ய ஒரு புதுக்குறி வேண்டும் என்று சிலர் கேட்டனர். முக்காற்புள்ளியும் சமக்குறியும் அடுத்து நிற்பது அக்குறி. வால்ரஸ் என்னும் கடல்விலங்கின் கண்ணும் கோரைப்பல்லும் போல் இருத்தலின் அப்பெயரே வழங்குவதாயிற்று. சுருக்கம் தெளிவைக் கெடுக்கும் என எதிர்த்தோர் பலர். வான் ரொஸம் குறியை ஏற்றுக்கொண்டார். ஆயின் வாதத்தின் கடுமையால் மனஞ்சலித்து, அவ்வாண்டு யூலையில் மொழியின் தலைமையினின்றும் விலகினார். 2019இல் ஐவர் கொண்ட குழுவொன்று தேர்ந்தெடுக்கப்பட்டு அப்பொறுப்பை ஏற்றது. இரண்டு புள்ளியும் இரண்டு கோடும் ஒரு தலைவரை எழுப்பிவிட்டன.

நம் இலக்கண மரபில் வந்தார்க்கு இது புதிதன்று. சூத்திரம் சுருங்க யாக்கப்பட்டது. உரையாசிரியர் இல்லாவிடின் அதன் பொருள் நம்மில் எத்துணைப் பேர்க்கு விளங்கியிருக்கும்? பைதனில் ஒரு பட்டியலிலிருந்து மற்றொரு பட்டியலை ஒரே வரியில் ஆக்கும் முறை உண்டு. நான்கு வரியிற் சொல்வதை அது ஒரு வரியிற் சொல்லும். ஒரு நிபந்தனையோடு நிற்குமளவும் அது அழகியது. இரண்டு சுற்றும் மூன்று நிபந்தனையும் அதனுள் அடைக்கப்படின், எழுதியவரே அடுத்த மாதம் உரை தேடுவர். தொடக்க மாணாக்கர் நான்கு வரியையே எழுதுக என்பது எமது கருத்து.

கருவிகளைப் பற்றி நிகழும் பேச்சும் இத்தகையதே. வி.ஐ., ஈமாக்ஸ் என்னும் இரண்டும் 1976இல் தோன்றியவை. அவற்றின் அன்பர் கட்சி கட்டி வாதாடுதல் அரை நூற்றாண்டாகியும் ஓயவில்லை. இளையோர் 2015இல் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட விஷுவல் ஸ்ரூடியோ கோட் என்பதையோ, 2010இல் வந்த பைசார்ம் என்பதையோ விரும்புவர். இவை சொல்லின் முதலெழுத்துக்களை இட்டதும் எஞ்சியதைத் தாமே முடித்துக் காட்டும். பிழையுள்ள இடத்தில் சிவப்புக் கோடிடும். ஆராய்ச்சியாளர் ஜூபிட்டர் ஏட்டைப் போற்றுவர். உரையும் நிரலும் விடையும் அதில் ஒரே பக்கத்தில் நிற்கும். ஆயினும் ஏட்டின் பகுதிகளை முன்பின்னாக இயக்கலாம் ஆகலின், மேலுள்ள பகுதியை மாற்றிவிட்டு இயக்க மறந்தவர்க்குக் கீழுள்ள விடை பழைய கணக்கையே காட்டி நிற்கும்.

2018இல் வெளிவந்த பிளாக் என்னும் கருவி வாதத்தை வேறொரு வழியால் அடக்கியது. எவர் எவ்வாறு எழுதினும் அது வரிகளைத் தன் ஒரே முறையில் திருத்தி அடுக்கிவிடும். வண்டி எந்நிறமாயினும் கேட்கலாம், கறுப்பாக இருக்குமளவும் என்று ஹென்றி ஃபோட் கூறியதாக வழங்கும் வேடிக்கையே அதன் பெயரில் ஒளிந்துள்ளது. தாம் விரும்பிய நடையை ஒருவரும் பெறாமையின் ஒருவர்க்கும் மனக்குறை இல்லை.

இவற்றுள் நம் மாணாக்கர்க்கு ஏற்றது யாது? உயர்தரப் பரீட்சையோ எழுத்துப் பரீட்சை. அச்சிட்ட நிரலைப் படித்து அதன் வெளியீட்டைக் கூறல் வேண்டும்; பேனாவால் தாளில் நிரல் எழுதல் வேண்டும். சொல்லை முடித்துத் தரும் கருவி அங்கில்லை. ஆகலின் பைதனோடு உடன்வரும் ஐடில் என்னும் எளிய கருவியே முதலாண்டிற்குப் போதுமென்போம். தாளில் எழுதுங்கால் சதுரக்கோட்டுக் கொப்பியில் எழுதுக. ஒருபடி தள்ளலுக்கு நான்கு கட்டம் விடுக. உள்தள்ளல் கண்ணுக்குப் பழகிவிடும். ஆயினும் தனித்துப் பயில்வோர் நிலை வேறு. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டத்தை வீட்டிலிருந்து கற்போர்க்குச் சிவப்புக் கோடிடும் கருவியே ஆசான். வெளிவாரியாகவே பட்டம் பெற்ற எம்போன்றார் இதனை நன்கறிவர். அருகிருந்து திருத்துவார் இல்லாதவன் புத்தக ஓரத்துக் குறிப்பையும் விடான்.

படிப்பவர் யாவர் என்பது எழுதுங்கால் தெரிவதில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் நாட் கடற்கோளின் பின்னர், காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப்பொருள்களையும் பதிவுசெய்தற்கு இலங்கை நிரலாளர் தொண்டர்களாகக் கூடிச் சகனா என்னும் மென்பொருளை ஆக்கினர். சகனா என்பது சிங்களத்தில் ஆறுதல், நிவாரணம் எனப் பொருள்படும். முதலிற் பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்ட அது பின்னர்ப் பைதனில் வேறொரு வடிவம் பெற்றது. 2010 யனவரியில் ஹெயிட்டி நாட்டைப் பூமியதிர்ச்சி தாக்கியபோது அப்பைதன் வடிவம் அங்கே பயன்பட்டது. அத்தகைய வேளையில் முன்பின் அறியாதார் எழுதிய நிரலைப் படித்து, அன்றிரவே திருத்த வேண்டியவர்க்கு அதன் தெளிவே துணை. இன்று வேண்டிய நிரலைக் கேட்டவுடன் எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துள்ளன. எழுதும் வேலை குறைந்தது. படித்துச் சரிபார்க்கும் வேலை குறையவில்லை.

இதுகாறும் கூறியவை எம்மொழியார்க்கும் பொது. தமிழர்க்கே உரிய இடர்ப்பாடு ஒன்றுண்டு. 'கொழும்பு' என்னும் சொல்லில் எழுத்து எத்துணை என்று சிறு பிள்ளையைக் கேட்பின் நான்கு என்னும்: கொ, ழு, ம், பு. பைதனைக் கேட்பின் எட்டு என்னும். பைதன் வெளிவந்த அதே 1991இல் முதற்பதிப்புக் கண்ட ஒருங்குறியில், அகரமேறிய மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி இலக்கம் பெற்றமையே காரணம். தொல்காப்பியர் மெய்யைப் புள்ளியுடையதாகக் கொண்டு, உயிர் ஏறுங்கால் புள்ளி நீங்குதலைக் கூறினார். கணினியோ ககரத்தை முதலில் வைத்து, அதன்மேற் புள்ளியைச் சேர்த்து மெய்யாக்கும். இலக்கணம் தலைகீழாயிற்று. இன்னும் கேண்மின்: 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் இடலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் இடலாம். பிரித்திடின் கொழும்புக்கு எழுத்து ஒன்பது. திரையில் இரண்டும் ஒன்றே. பைதனுக்கு அவை வெவ்வேறு சொற்கள். இரு வடிவையும் ஒன்றாக்கும் வழி பைதனிலேயே உண்டு; அதனை அறியாதவர், பட்டியலிற் கண்முன்னே நிற்கும் ஊரைத் தேடிக் காணாது மயங்குவர்.

ஒரு சொல் முன்பின்னாகப் படிப்பினும் அதுவேயாமா எனக் காணுதல் பாடநூல்களில் வழக்கமாக வரும் பயிற்சி. திருஞானசம்பந்தர் மாலைமாற்றுப் பாடிய மொழியினர்க்கு அதில் ஆர்வம் இயல்பே. ஆயின் பாடநூல் முறைப்படி 'விகடகவி'யைத் திருப்பின், இறுதியிலுள்ள இகரக்குறி மெய்யின்றி முதலில் வந்து நிற்கும். அது மாலைமாற்றன்று என்று பைதன் தீர்ப்புக் கூறும். பெயர்ப்பட்டியலை அகரவரிசைப்படுத்தினும் இவ்வாறே. ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்து நிற்றலின் மனோகரன் முன்னும் மயூரன் பின்னும் ஆவர். நம் அகராதி முறையில் னகரம் கடையெழுத்தாகலின் மயூரனே முன்னவன்.

இவற்றுக்கு மருந்து இல்லாமலில்லை. முத்து அண்ணாமலை முதலியோர் ஆக்கிய ஓப்பன் தமிழ் என்னும் பைதன் நூலகம் தமிழெழுத்தைத் தமிழெழுத்தாகவே எண்ணும். அவரே ஆக்கிய எழில் என்னும் தமிழ் நிரல்மொழி பைதனில் எழுதப்பட்டது. நிபந்தனையை முன்வைத்து 'ஆனால்' என்பதைப் பின்வைக்கும் அதன் தொடரமைப்புத் தமிழின் இயல்போடு ஒத்தது. பைதனில் எழுதப்பட்டும் அது உள்தள்ளலை நம்பாது 'முடி' என்னும் சொல்லாற் பகுதியை மூடுவது கருதத்தக்கது. பைதனிலும் மாறிகளுக்குத் தமிழ்ப்பெயர் இடலாம். மூன்றாம் பைதன் அதற்கு இடந்தருகின்றது. தொழிலிற் புகுந்தோர் ஆங்கிலப் பெயரையே இடுக என்பர். பல நாட்டார் படிக்கும் நிரலுக்கு அது தக்கதே. வகுப்பறை நிரலைப் படிப்பவர் தமிழ் மாணாக்கர். அங்கே 'எண்ணிக்கை' என்று எழுதினாற் குறையொன்றுமில்லை. ஆங்கிலத்துக்கு அஞ்சும் மாணாக்கர்க்கு ஒன்று கூறுவோம்: மொழி தனக்கென ஒதுக்கிக்கொண்ட சொற்கள் 35 மாத்திரமே. ஒரு கிழமையிற் படித்துவிடலாம். பிழைச்செய்திகள் ஆங்கிலத்தில் வருவதே உண்மையான தடை. அவற்றுள் அடிக்கடி வருவனவற்றைத் தமிழ் விளக்கத்தோடு சுவரில் எழுதி ஒட்டுதல் நன்று.

விகடகவியைத் திருத்தும் நிரலை மாணாக்கரே எழுதிப் பார்க்கலாம். சொல்லை இடமிருந்து வலமாகச் செல்க. எதிர்ப்படுவது உயிர்க்குறியோ புள்ளியோ ஆயின் முன்னைய எழுத்தோடு ஒட்டுக. அன்றாயின் புதிய எழுத்தாகத் தொடங்குக. ஒவ்வொரு குறியும் எவ்வகையது எனக் கூறும் துணைநூலும் பைதனுடனே வருகின்றது. ஏழெட்டு வரியில் முடியும். இப்பயிற்சியை எம் வகுப்பிற் கொடுத்தபோது விகடகவி நேராயிற்று, கொழும்பு நான்காயிற்று. 'லக்ஷ்மி' என்னும் பெயர் வந்தவுடன் வகுப்பு இரு கட்சியாயிற்று. க்ஷ் என்பதை நிரல் இரண்டாக எண்ணிற்று; கண் ஒன்றாகக் காண்கிறது என்றனர் சிலர். அதற்கெனத் தனியே ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டுமென்பாரும், ஆயத்தமாயுள்ள நூலகத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பாரும், கிரந்த எழுத்துக்காக நிரலைக் கெடுப்பதா என்பாருமாக மணியடிக்கும் வரை வாதிட்டனர்.