வெள்ளியும் உத்திராடமும்: சங்கரன்கோவிலிலிருந்து ஒரு வான் தரிசனம்

அரியும் அரனும் ஒருவரே என்பதை உலகம் காண வேண்டும் என்று அன்னை கோமதி தவமிருந்த திருத்தலம் சங்கரன்கோவில். சிவபெருமானிடம் பக்தி பூண்ட சங்கனும், திருமாலிடம் பக்தி பூண்ட பதுமனும் நாகர்கள். தாம் வணங்கும் தெய்வமே பெரிது என்று இருவரும் வாதிட்டு, முடிவு காணாமல் அன்னையிடம் வந்து முறையிட்டனர். அவர்களுக்காக அன்னை புன்னைவனத்தில் தவம் இயற்றினாள். அத்தவத்துக்கு இரங்கிய இறைவன், வலப்பாகத்தில் சடைமுடியும் பிறையும் சர்ப்பமும், இடப்பாகத்தில் மணிமுடியும் சங்கும் பீதாம்பரமும் விளங்கச் சங்கரநாராயணராகக் காட்சி தந்தருளினார் என்பது தலபுராணம்.

அந்தக் காட்சியை ஆண்டுதோறும் நினைவூட்டுவதே ஆடித்தபசுத் திருவிழா. தபசு மண்டபத்தில் தவக்கோலத்தில் எழுந்தருளும் அம்பிகைக்கு மாலையில் சங்கரநாராயணராகவும், இரவில் சங்கரலிங்கப் பெருமானாகவும் இறைவன் காட்சி கொடுக்கிறார். சுற்றுவட்டார வேளாண் மக்கள் பருத்தி, மிளகாய், நெல் எனத் தங்கள் நிலத்தில் விளைந்ததைச் சூறைவிட்டு வணங்குகிறார்கள்.

இந்நாளை நமக்குக் குறித்துக் கொடுப்பது ஆடி மாதத்து உத்திராட நட்சத்திரம். ஆயினும் அந்த உத்திராடத்தை வானில் கண்ணாரக் கண்டவர் நம்மில் எத்தனை பேர்? 27 நட்சத்திரங்களையும் வரிசை பிறழாமல் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்றும் வீட்டுக்கு ஒருவரேனும் இருக்கிறார்கள். அர்ச்சனைத் தட்டைக் கொடுக்கும்போது மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் அனைவருடைய நட்சத்திரத்தையும் தயங்காமல் சொல்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்கோ அந்தப் பெயர்கள் தெரிவதில்லை. ஆனால் வானத்தை உற்றுநோக்கும் கருவியை அவர்கள் கையாள அறிவார்கள். பெயரறிந்த பெரியவரும் கருவியறிந்த பிள்ளையும் ஒரு மாலைப்பொழுதில் மொட்டைமாடியில் சேர்ந்து அமர்ந்தால், பஞ்சாங்கத்தில் எழுத்தாய் இருப்பது வானில் ஒளியாய்த் தெரியும். அதற்கு ஓர் எளிய பைனாகுலர் போதுமானது.

உத்திராடம் எங்கே இருக்கிறது?

தென்வானில், கைப்பிடி வைத்த கெண்டியைப் போன்ற வடிவில் எட்டு விண்மீன்கள் அமைந்திருக்கின்றன. அதுவே தனுசு மண்டலம். கெண்டியின் கைப்பிடிப் பக்கத்தில் பிரகாசமாக விளங்குவது உத்திராடத்துக்குரிய மீன். மேலைநாட்டார் அதனை நுன்கி என்பர். ஆடி மாதத்தின் நடுவில் இரவு 11 மணியளவில் அது தெற்கே உச்சம் கொள்ளும். சங்கரன்கோவில் நிலநடுக்கோட்டுக்கு 9 பாகை வடக்கே மட்டும் இருப்பதால், அடிவானுக்கும் தலையுச்சிக்கும் இடைப்பட்ட தூரத்தில் பாதிக்கு மேற்பட்ட உயரத்தில் அம்மீனை இங்கிருந்து காணலாம். ஐரோப்பிய நாட்டவர்க்கு அது அடிவானை ஒட்டியே தோன்றும். அவ்வகையில் நாம் பேறு பெற்றவர்கள்.

தபசு நாளில் நிலவு சரியாக அம்மீனின் மேல் நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பஞ்சாங்கம் வான்வட்டத்தை 27 சமபாகங்களாகப் பகுத்திருக்கிறது. மீன்களோ சம தூரத்தில் அமைந்தவை அல்ல. ஆகவே உத்திராட நாளின் மாலையில் நிலவு அந்த மீனைக் கடந்து சற்றுக் கிழக்கே நிற்கும். முந்தின இரவில்தான் இரண்டும் இன்னும் நெருங்கியிருக்கும். நிலவின் பேரொளியில் வெறுங்கண்ணுக்கு மங்கிப்போகும் மீன், பைனாகுலரில் வெண்ணீலப் பொட்டாகத் தெரியும்.

கோளும் மீனும் கூடுவது

நவக்கிரக சந்நிதியில் கிரக தேவதைகள் ஒருவரையொருவர் பாராதபடி எழுந்தருளியிருப்பதைக் கண்டிருக்கிறோம். வானில் உலவும் கோள்களோ ஒன்றையொன்று சந்திக்கின்றன. வழியிலுள்ள மீன்களையும் நெருங்கிச் செல்கின்றன. கோள்கள் யாவும் சூரியன் செல்லும் வான்பாதையை ஒட்டியே நடப்பவை. எனவே அப்பாதையின் ஓரத்திலுள்ள கார்த்திகை, ரோகிணி, மகம், சித்திரை, விசாகம், அனுஷம், கேட்டை, உத்திராடம் ஆகியவற்றின் அருகே அவை வருகின்றன. சுவாதியும் திருவோணமும் பாதையிலிருந்து வெகுதூரம் வடக்கே விலகியவை. ஒரு கிரகம் சுவாதியில் சஞ்சரிப்பதாகப் பஞ்சாங்கம் சொல்லும் நாளிலும், வானில் அது சுவாதி மீனின் பக்கத்தில் தெரியாது.

ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளி மகத்தை நெருங்கும். செவ்வாய் ஏறத்தாழ 2 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், குரு 12 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், சனி ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் அதே மீனிடம் திரும்பி வருகின்றன. கும்பகோணத்து மகாமகம் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவதும் இக்கணக்கினால்தான். குரு சிம்மத்தில் இருக்க, மாசிப் பௌர்ணமி நிலவு மகத்தோடு கூடும் நாள் அது. 1992, 2004, 2016 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்தது. அடுத்தது 2028-இல் வரும்.

இரண்டு ஒளிகளும் பைனாகுலரின் ஒரே வட்டத்துக்குள் வரும்போது வேறுபாடு தெளிவாகத் தெரியும். மீன் மினுங்கும், கோள் பெரும்பாலும் நிலைத்து ஒளிரும். ரோகிணி செம்பொன் நிறம். அதனருகே வெள்ளி தும்பைப்பூப்போல் வெண்மையாக இருக்கும். சித்திரை வெண்ணீலம், அருகே வரும் சனி மங்கிய மஞ்சள். கேட்டையும் செவ்வாயும் இரண்டுமே சிவப்பு. எது கோள், எது மீன் என்று பிள்ளைகளைக் கேட்டால், மினுக்கத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். குருவை நோக்கினால் அதன் இருபுறமும் சிறு புள்ளிகளாக நான்கு நிலவுகள் வரை தெரியும்.

ஒரு மாலை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாமல், முதல் நாள், கூடும் நாள், மறுநாள் என மூன்று மாலைகள் தொடர்ந்து பார்ப்பது நல்லது. மாலை வானில் விரைந்து நடக்கும் காலத்தில் வெள்ளி, நாளொன்றுக்கு நிலவின் அகலத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நகர்ந்திருக்கும். நட்சத்திரம் நின்ற இடத்திலேயே நிற்க, கிரகம் அதைக் கடந்து போவதைக் கண்கூடாகக் காண்பதே கிரக சஞ்சாரம் என்ற சொல்லின் பொருளைக் காண்பதாகும்.

மீனைக் கோள் மறைத்த நாள்கள்

அரிதினும் அரிதாக, கோள் மீனின் அருகே வருவதோடு நில்லாமல் அதை மறைத்தே செல்வதுண்டு. 1959 ஜூலை 7 அன்று, ஆனி மாதத்தில், வெள்ளி மக நட்சத்திரத்தை மறைத்துக் கடந்தது. அன்று சிறுவர் சிறுமியராய் இருந்தவர்கள் இன்று தாத்தா பாட்டியாக இதை வாசித்துக்கொண்டிருக்கக்கூடும்.

1981 நவம்பர் 17 அன்று வெள்ளி மறைத்தது நம் உத்திராட மீனையே. அம்மீன் நமக்கு ஏறத்தாழ 228 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அன்று மாலை வெள்ளியிலிருந்து வந்த ஒளி, சில நிமிடங்களுக்கு முன் புறப்பட்டது. அதனருகே தெரிந்த உத்திராடத்தின் ஒளியோ, சங்கரன்கோவிலுக்கு அண்மையிலுள்ள நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் ஆண்ட காலத்தில் புறப்பட்டது. வெள்ளையரை எதிர்த்துப் போரிட்ட அவர் இத்திருக்கோயிலுக்குள் புகுந்து மறைந்தார் என்று இவ்வூர் மக்கள் இன்றும் சொல்வார்கள். அவர் காலத்து ஒளியும் அந்நேரத்து ஒளியும் ஒரே இமைப்பொழுதில் கண்ணில் வந்து சேர்ந்தன.

வெள்ளி மகத்தை மீண்டும் மறைக்கப்போவது 2044 அக்டோபர் 1 அன்று, புரட்டாசி மாதத்தில். மறைவு எல்லா ஊர்களிலும் தெரிவதில்லை. ஆனாலும் அன்றைய விடியல் வானில் இரண்டும் ஒட்டி நிற்கும் காட்சி கிட்டும். நம்மில் பலர் அன்று இருக்கப்போவதில்லை. இன்று நம் மடியில் இருக்கும் குழந்தை, “மகம் எது என்று தாத்தா காட்டினார்” என்று நினைத்து அன்று கிழக்கே பார்த்தால், அதுவும் ஒரு நல்ல ஆஸ்தி.

இத்தகைய சேர்க்கை தமிழ் மண்ணில் ஒரு கண்டுபிடிப்புக்கும் துணைநின்றது. 1977 மார்ச் 10 அன்று ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வான்காணகத்தில், யுரேனஸ் கோள் ஒரு மங்கலான மீனை நெருங்குவதைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். கோள் தொடுவதற்கு முன்னரே மீனின் ஒளி இடையிடையே குன்றியது. உலகின் பிற இடங்களிலும் இவ்வாறே பதிவாகியிருந்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்ற உண்மை இவ்வாறு வெளிப்பட்டது.

கார்த்திகைப் பெண்களிடையே வெள்ளி

எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெள்ளி ஏறக்குறைய அதே நாளில் அதே மீனிடம் திரும்பி வரும். பங்குனி மாதத்தில் அது முருகப்பெருமானைப் பாலூட்டி வளர்த்த கார்த்திகைப் பெண்களின் கூட்டத்தினூடே செல்லும் காட்சி இக்கணக்கைச் சேர்ந்தது. 2020 ஏப்ரல் 3 அன்று, ஊரடங்கால் ஆலயக் கதவுகள் அடைக்கப்பட்டு நாம் வீட்டிலிருந்தே தொழுத நாள்களில், மேற்கு வானில் அக்காட்சி தோன்றியது. மீண்டும் 2028 ஏப்ரல் 3, 4 தேதிகளில் சூரியன் மறைந்தபின் காணலாம். வெறுங்கண்ணுக்கு ஆறேழாகத் தெரியும் கார்த்திகை, பைனாகுலரில் பல பத்து மீன்களாக விரியும். இதே எட்டாண்டுக் கணக்கில் 2029 நவம்பர் நடுப்பகுதியை ஒட்டி, மாலை வானில் வெள்ளி உத்திராடத்தை நெருங்கும்.

பெரியவர்களுக்குச் சில குறிப்புகள்

பைனாகுலரில் 7×50, 10×50 என்று குறித்திருப்பார்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டும் என்பது. இரண்டாவது எண் முன்புறக் கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். வயது கூடக் கண்மணி இருளில் விரிவது குறையும். எனவே மூத்தோருக்கு 10×50 பொருத்தமானது. அதன் வட்டத்துக்குள் பன்னிரண்டு முழுநிலவுகளை வரிசையாக வைக்கும் அளவு வானம் அடங்கும்.

நின்றுகொண்டு பார்த்தால் கை நடுங்கும். தலை சுற்றவும் கூடும். சாய்வு நாற்காலியில் அமர்ந்து, முழங்கைகளைக் கைப்பிடியில் ஊன்றிக்கொள்ளுங்கள். மாடிப்படி ஏற இயலாதவர்கள் வாசலிலோ முற்றத்திலோ இருந்தே காணலாம். தூரப்பார்வை, கிட்டப்பார்வைக் குறைகளைக் கருவியின் திருகைத் திருப்பியே பெரும்பாலும் சரிசெய்துகொள்ளலாம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் மறக்கலாகாது: சூரியன் முற்றிலும் மறையும்வரை கருவியைக் கண்ணில் வைக்கவே கூடாது. விடியலில் பார்ப்பவர்கள் சூரிய உதயத்துக்கு முன்பே கீழே வைத்துவிட வேண்டும். சூரியனை அதன்வழி நோக்கினால் பார்வையே பறிபோகும்.

கண்டு சொன்ன முன்னோர்

வானைப் பார்த்துக் காலம் அறிவது நமக்குப் புதிதன்று. சங்கரன்கோவிலிலிருந்து வடக்கே இராஜபாளையம் வழியாகச் சென்றால் திருவில்லிபுத்தூர். அங்கே அவதரித்த ஆண்டாள், திருப்பாவையின் 13-ஆம் பாசுரத்தில் வெள்ளியின் உதயத்தையும் வியாழனின் மறைவையும் சொல்லித் தோழியை எழுப்புகிறாள். அக்குறிப்பைக் கொண்டே மு. இராகவையங்கார் ஆண்டாளின் காலத்தைக் கி.பி. 731-ஐ ஒட்டியது என்று கணித்தார். கேரள நாட்டுப் பரமேசுவரர் பல்லாண்டுகள் வானைக் கண்டு, கணக்கும் காட்சியும் ஒத்துவர வேண்டும் என்று 1431-இல் ‘திருக்கணிதம்’ என்னும் முறையை வகுத்தார். கண்ணால் காண்பதே கணிதத்துக்குச் சான்று என்பதை அப்பெயரே சொல்கிறது.

வெள்ளியும் உத்திராடமும் நெருங்கி நின்றாலும் உண்மையில் அவை நெருங்குவதில்லை. ஒன்று நம் அண்டை வீட்டார். மற்றொன்று எண்ணிப்பார்க்கவும் இயலாத தொலைவில் உள்ளது. நாம் நிற்கும் இடத்திலிருந்து நோக்குவதால்தான் இரண்டும் ஒன்றுபோல் தோன்றுகின்றன. அன்னை கோமதி கண்டதோ இதன் மறுதலை. அங்கே இருப்பது ஒன்றே. சங்கனும் பதுமனும் தாம் நின்ற இடங்களிலிருந்து பார்த்ததால் அது இரண்டாகத் தோன்றியது. நிற்கும் இடம் பார்வையை எவ்வளவு மாற்றிவிடும் என்பதை வானம் நமக்கு ஒரு மாலையில் கற்றுத் தருகிறது. அதனை அறிந்தவர்கள், அயலார் வணங்கும் தெய்வத்தைக் குறைத்துப் பேச மாட்டார்கள்.

அடுத்த ஆடித்தபசில் சங்கரநாராயணர் தரிசனம் கண்டு, திருநீறும் துளசித் தீர்த்தமும் பெற்றுத் திரும்புகையில், பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துச் சற்று நின்று தென்வானைக் காட்டுங்கள். “அதோ, அதுதான் உத்திராடம்” என்று சொல்லுங்கள். கோமதியம்மையின் திருவருளால் அந்த ஒளி தலைமுறைதோறும் காணப்படுவதாக!