சட்டசபை அங்கத்தினரின் அறிக்கையும் குடியானவர்கள் கவனிக்கவேண்டியவையும்

சட்டசபைக் கூட்டத்தொடர் முடிந்ததும், அங்கத்தினர் தம் தொகுதிக்குத் திரும்பிவந்து, அங்கு நடந்தவற்றை மக்களுக்கு எடுத்துரைப்பது வழக்கம். சிலர் கிராமசபைக் கூட்டத்தில் பேசுவர். சிலர் அச்சிட்ட அறிக்கையாக வெளியிடுவர். எக்கட்சியைச் சேர்ந்தவராயினும் இங்ஙனம் செய்வது அங்கத்தினரின் கடமையேயாகும். தாம் தேர்ந்தெடுத்து அனுப்பியவர் தம் பொருட்டு என்ன செய்தார் என்பதை அறியக் குடியானவர்களுக்கு உரிமையுண்டு.

ஆயினும், அவ்வறிக்கையைக் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. மேட்டூரில் மதகு திறந்த அன்றே கடைமடை வயலில் நீர் பாய்ந்துவிடுவதில்லை. அதுபோலவே, சட்டசபையில் ஒரு மசோதா நிறைவேறிய அன்றே அதன் பயன் கிராமத்துக்கு வந்துவிடுவதில்லை. "சட்டம் வந்துவிட்டது" என்று நம்பி முன்னதாகவே காரியத்தில் இறங்குபவர் நஷ்டமடைகிறார். "இவையெல்லாம் பட்டணத்துப் பேச்சு" என்று அலட்சியமாக இருப்பவரோ, கெடு தவறி நஷ்டமடைகிறார். இவ்விருவகை நஷ்டமும் நேராதிருக்கும் பொருட்டு அறிய வேண்டிய விஷயங்கள் இங்கே கூறப்படுகின்றன.

அறிக்கையில் அடங்குவன

சாதாரணமாக ஓர் அங்கத்தினரின் அறிக்கையில் மூன்று வகைச் செய்திகள் கலந்திருக்கும். முதலாவது, சட்டசபையில் நிறைவேறிய மசோதாக்கள். இரண்டாவது, வரவு செலவுத் திட்டத்திலும் மந்திரிகளின் பேச்சிலும் வெளியான அறிவிப்புகள். மூன்றாவது, தொகுதியில் நடந்த வேலைகளும் வைபவங்களும். அதாவது களஞ்சியம் திறந்தது, பாலத்துக்கு அஸ்திவாரமிட்டது, கூட்டுறவுச் சங்க விழாவில் கலந்துகொண்டது போன்றவை.

இம்மூன்றையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது. தொகுதி வேலைகளைக் குடியானவர் நேரில் சென்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஒவ்வோர் அங்கத்தினருக்குமுரிய தொகுதி மேம்பாட்டு நிதி 2019-ம் வருஷத்தில் ரூ. 3 கோடியாக உயர்த்தப்பட்டது. இந்நிதியில் எந்த ஊரில் எந்த வேலை எடுக்கப்பட்டது, மதிப்பு என்ன, முடிந்ததா என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது.

அறிவிப்பு என்பது விதைப்புக்கு முன் செய்யும் உழவு போன்றது. தமிழ் நாட்டில் விவசாயத்துக்கெனத் தனி வரவு செலவுத் திட்டம் முதன் முதலாக 14-8-2021-ல் சமர்ப்பிக்கப்பட்டது. இத்தகைய திட்டத்தில் ஒரு மானியம் அறிவிக்கப்பட்டால், சட்டசபை பணத்தை ஒதுக்கி, சர்க்கார் உத்தரவு பிறந்து, யாருக்கு எவ்வளவு என்ற நிபந்தனைகள் வெளியான பின்னரே அது குடியானவர் கைக்கு வரும். அதற்குமுன் அதை நம்பிக் கடன் வாங்குவது விவேகமன்று.

மசோதா சட்டமாகும் விதம்

தமிழ் நாட்டில் மேல்சபை 1986-ம் வருஷம் நீக்கப்பட்டபடியால், 234 அங்கத்தினர் கொண்ட சட்டசபை ஒன்றே சட்டம் செய்யும் சபையாகும். அங்கு நிறைவேறிய மசோதா கவர்னரின் சம்மதத்துக்கு அனுப்பப்படும். அவர் சம்மதம் அளிக்கலாம், நிறுத்தி வைக்கலாம், ஜனாதிபதியின் ஆலோசனைக்கு அனுப்பவும் செய்யலாம். உதாரணமாக, ஒப்பந்தச் சாகுபடி பற்றிய மசோதா 2019-ம் வருஷம் பிப்ரவரியில் சட்டசபையில் நிறைவேறிற்று. ஜனாதிபதியின் சம்மதம் கிடைத்த செய்தி அக்டோபரிலேயே வெளியாயிற்று. இடையில் எட்டு மாதம், அதாவது ஒரு முழுச் சாகுபடிப் பருவத்துக்கு மேலான காலம், கழிந்துவிட்டது.

சம்மதம் பெற்ற சட்டம் சர்க்கார் கெஜட்டில் பிரசுரமாகும். கெஜட்டின் நான்காம் பாகத்தில் முதற்பிரிவு மசோதாக்களுக்கும், இரண்டாம் பிரிவு சட்டங்களுக்கும் உரியவை. ஆகவே, ஒருவர் காட்டும் காகிதம் முதற்பிரிவைச் சேர்ந்ததாயின் அது இன்னும் மசோதாவே என்று அறிந்துகொள்ளலாம்.

கெஜட்டில் பிரசுரமான சட்டமும் உடனே அமுலுக்கு வருமென்பதில்லை. "சர்க்கார் குறிப்பிடும் தேதியில் அமுலுக்கு வரும்" என்று பல சட்டங்களின் தொடக்கத்திலேயே காணலாம். அத்தேதியைக் குறிப்பிடும் அறிவிக்கை தனியாக வெளிவரவேண்டும். விதிகளும் அதன் பின்னரே செய்யப்படுவதுண்டு.

ஒரே நாளில் நிறைவேறிய இரண்டு மசோதாக்கள்

இதற்குத் தெளிவான உதாரணம் ஒன்றுண்டு. 21-4-2023-ல் சட்டசபை பல மசோதாக்களை நிறைவேற்றிற்று. அவற்றுள் ஒன்று தொழிற்சாலைகளில் வேலைநேரத்தைப் பற்றிய திருத்தம். தொழிலாளர் சங்கங்கள் ஆட்சேபித்தபடியால், அது 1-5-2023-ல் திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. சபையில் நிறைவேறியும் அது ஒருநாளும் அமுலாகவில்லை.

மற்றொன்று, சிறப்புத் திட்டங்களுக்காக நிலங்களை ஒருங்கிணைக்கும் மசோதா. 100 ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில், நீர்நிலையோ ஓடையோ வாய்க்காலோ உள்ளடங்கிய நிலங்களைப் பற்றியது அது. சம்மதம் பெற்றுச் சட்டமான பின்னும், அது 18-10-2024-ல்தான் அமுலுக்கு வந்தது. ஏரிப்பாசனக் குடியானவர்களுக்கு முக்கியமான இச்சட்டம், நிறைவேறிய செய்தி மறந்துபோன பிறகு, ஏறக்குறைய 18 மாதங்கள் கழித்து, உயிர் பெற்றது. ஒரே நாளில் விதைத்த இரண்டு விதைகளில் ஒன்று முளைக்கவில்லை. மற்றொன்று அடுத்த வருஷம் முளைத்தது. ஆகையால் அறிக்கையைக் கேட்ட அன்றோடு விஷயத்தை விட்டுவிடலாகாது.

பேச்சும் ஷரத்தும்

சொற்பொழிவில் கூறப்படுவதும் சட்டத்தில் எழுதப்படுவதும் எப்பொழுதும் ஒன்றாக இருப்பதில்லை. காவேரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கப்படும் என்று 9-2-2020-ல் சேலம் ஜில்லா தலைவாசலில் முதன் மந்திரி திரு. எடப்பாடி கே. பழனிசாமி அறிவித்தார். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ஜில்லாக்களுடன் திருச்சிராப்பள்ளி, அரியலூர், கரூர், புதுக்கோட்டை, கடலூர் ஜில்லாக்களின் டெல்டாப் பகுதிகளும் அப்பேச்சில் குறிப்பிடப்பட்டன. 20-2-2020-ல் மசோதா நிறைவேறிற்று. ஆனால் சட்டத்தின் அட்டவணையில் இடம் பெற்றவை முதற்கூறிய மூன்று ஜில்லாக்களும், கடலூர் ஜில்லாவில் காட்டுமன்னார்கோயில், கீரப்பாளையம் முதலிய சில ஒன்றியங்களும், புதுக்கோட்டை ஜில்லாவில் அறந்தாங்கி, மணமேல்குடி முதலிய சில ஒன்றியங்களுமே. திருச்சிராப்பள்ளி, அரியலூர், கரூர் ஆகியவை அதில் இல்லை. பேச்சை மட்டும் கேட்ட லால்குடிக் குடியானவர் தம் நிலமும் மண்டலத்தில் சேர்ந்ததென்று எண்ணியிருப்பாராயின், அது பிழையே.

அச்சட்டம் விலக்கிய தொழில்களும் அட்டவணையிலேயே உள்ளன. துத்தநாகம், செம்பு, அலுமினியம் உருக்கும் ஆலைகள், இரும்புத் தாது ஆலைகள், தோல் பதனிடுதல், கப்பல் உடைத்தல், எண்ணெய், நிலக்கரிப் படுகை மீதேன் முதலிய வாயுக்களைத் துளையிட்டு எடுத்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும். ஆயினும், சட்டம் அமுலுக்கு வருமுன்னரே நடந்துவந்த வேலைகளை அது பாதிக்காது. துறைமுகம், குழாய்ப் பாதை, சாலை, மின்சாரம், தண்ணீர் விநியோகம் போன்ற பொது உபயோக வேலைகளுக்கும் விலக்கு உண்டு. அட்டவணை எவ்வளவு முக்கியமோ, விலக்குகளும் அவ்வளவு முக்கியமென்பதை மறக்கலாகாது.

1938-ம் வருஷத்துக் கடன் சட்டம் தரும் பாடம்

சட்டம் இருந்தும் பயனடையாமற் போவது எவ்வாறு என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று கூறலாம். 1937-ம் வருஷத் தேர்தலில் அமைந்த 215 அங்கத்தினர் கொண்ட சென்னைச் சட்டசபை, ஸ்ரீ சி. ராஜகோபாலாச்சாரியார் முதன் மந்திரியாயிருந்த காலத்தில், விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைச் செய்தது. தானிய விலை வீழ்ந்து கடன் பெருகியிருந்த காலம் அது. 1938-ம் வருஷத்து 4-வது சட்டமாகிய அது 22-3-1938-ல் அமுலுக்கு வந்தது.

1-10-1932-க்கு முன் வாங்கிய கடனுக்கு, 1-10-1937 வரை நிலுவையாயிருந்த வட்டி முழுதும் தள்ளுபடியாயிற்று. முதலாகவோ வட்டியாகவோ அசலுக்கு இரட்டிப்பான தொகை செலுத்தப்பட்டிருந்தால், கடனே தீர்ந்ததாகக் கருதப்பட்டது. குறைவாகச் செலுத்தியிருந்தால், இரட்டிப்புக்குக் குறைந்த தொகை அல்லது நிலுவையுள்ள அசல், இவ்விரண்டில் எது சிறிதோ அதைச் செலுத்தினால் போதும். உதாரணமாக, ரூ. 500 கடன் வாங்கிய ஒருவர் வட்டியாகவே ரூ. 1,000 கட்டியிருந்தால் கடன் ஒழிந்தது. ரூ. 800 கட்டியிருந்தால், அசல் ரூ. 500 அப்படியே நின்றாலும், அவர் கொடுக்கவேண்டியது ரூ. 200 மட்டுமே.

இவ்வளவு பெரிய நன்மைக்கும் எல்லைகள் இருந்தன. குறிப்பிட்ட வருஷங்களில் வருமான வரி விதிக்கப்பட்டவர் இச்சட்டத்தின்படி விவசாயி ஆகார். சர்க்கார் தீர்வை, கூட்டுறவுச் சங்கக் கடன், வேலையாட்களின் கூலி ஆகியவற்றை அது தொடவில்லை. வேறு சொத்தில்லாத ஸ்திரீக்கு வரவேண்டிய, அசல் ரூ. 3,000-க்கு மேற்படாத கடனுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது.

எல்லாவற்றினும் முக்கியமானது மனு விஷயம். முன்பே கோர்ட்டில் டிக்ரி ஆகியிருந்தால், கடன்பட்டவர் மனுச் செய்துகொண்டால்தான் டிக்ரித் தொகை குறைக்கப்படும். டிக்ரியை நிறைவேற்றாமல் நிறுத்திவைக்கும்படி உத்தரவு பெற்றவரும், 60 நாட்களுக்குள் தொகையைக் குறைக்க மனுச் செய்யாவிடில், டிக்ரி இருந்தபடியே நிறைவேற்றப்படும். நிலச்சுவான்தாருக்குச் செலுத்தவேண்டிய பழைய வாரப் பாக்கிகள் தள்ளுபடியானதும், அண்மை வருஷங்களின் வாரத்தைக் குறித்த தேதிக்குள் கட்டியவருக்கே. சட்டம் இருவருக்கும் ஒன்றுதான். தேதி அறிந்தவரின் நிலம் தப்பிற்று; "கடன் ஒழிந்தது" என்ற செய்தியை மட்டும் அறிந்து வீட்டிலிருந்தவரின் நிலத்துக்குச் சட்டம் காவலாக நிற்கவில்லை.

கேட்கவேண்டிய ஐந்து கேள்விகள்

ஆகவே, அங்கத்தினர் புதிய சட்டத்தைப் பற்றிக் கூறும்பொழுது, குடியானவர்கள் பின்வருவனவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளவேண்டும்.

1. இது அறிவிப்பா, மசோதாவா, சம்மதம் பெற்ற சட்டமா?

2. எத்தேதியில் அமுலுக்கு வந்தது, அல்லது வரும்? விதிகள் வெளியாயினவா?

3. எங்கள் ஜில்லாவும் ஒன்றியமும் அதில் சேர்ந்தவையா?

4. யாருக்கு, எதற்கு விலக்கு உண்டு?

5. பயன் தானே வருமா, மனுச் செய்ய வேண்டுமா? மனுவை யாரிடம், எத்தேதிக்குள் கொடுப்பது?

இவற்றுக்கு அப்பொழுதே விடை கூற இயலாத அங்கத்தினர், விசாரித்து எழுதுவதாகச் சொன்னாலும் குறையில்லை. கேட்கப்பட்ட கேள்வியை அவர் சட்டசபைக்கு எடுத்துச் செல்வார். கேள்வி கேட்கும் தொகுதிக்கு வரும் அறிக்கையும் நாளடைவில் தெளிவாகவே வரும்.

கிராம அதிகாரிகளின் கடமை

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் இவ்விஷயத்தில் பெருந்துணை செய்யலாம். தமிழ் நாட்டில் கிராமசபைக் கூட்டங்கள் 2022-ம் வருஷம் முதல் ஆண்டுக்கு ஆறாக உயர்த்தப்பட்டன. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை அவற்றுக்குரிய நாட்கள். கூட்டத்துக்கு முன் கெஜட்டைப் பார்த்து, கிராமத்தைச் சார்ந்த சட்டங்களின் எண், அமுல் தேதி, மனுக் கெடு ஆகிய மூன்றையும் ஒரு பலகையில் எழுதிவைத்தால், படிக்கத் தெரியாதவருக்கும் பிறர் வாசித்துச் சொல்வர். ஐயமுள்ள விஷயங்களைக் கலெக்டர் காரியாலயத்தில் நடைபெறும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் எழுத்துமூலம் கேட்டுப் பதிலைக் கட்டி வைப்பது நலம்.

நல்ல விதையை வாங்கும்பொழுது முளைப்புத் திறனையும் காலாவதித் தேதியையும் பார்த்து வாங்கும் குடியானவர்கள், சட்டச் செய்தியையும் அங்ஙனமே சோதித்து ஏற்பார்களாயின், சட்டசபையில் அவர்கள் பொருட்டுச் செய்யப்படும் வேலை வீண்போகாது. ஒவ்வொரு குடும்பத்திலும் பட்டா, ரசீது முதலியவற்றுடன் சட்டத் தேதிகளைக் குறித்த ஒரு சிறு நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொள்வது அவசியம்.