பாப்பா வருமுன் குட்டிக்குப் பாடம்

"நாய்க்குட்டியைத் தனியா வளர்க்கவா வேணும்? வேளைக்கு ஒரு பிடி சோறு போட்டா அது பாட்டுக்கு வளர்ந்துட்டுப் போகுது!"

இப்படிச் சொல்கிறவர்கள் நம்மில் அநேகர். வாசலோடு நிற்கிற நாய்க்கு அது போதுமானதாக இருக்கலாம். ஆனால் நடுக்கூடத்தில் படுத்துப் புரண்டு, சோபாவில் நமக்குச் சமமாக உட்கார்ந்து, நாளைக்குத் தொட்டில் ஆடப்போகிற அறையிலும் நடமாடப்போகிற நாய் என்றால்? அதற்கு வளர்ப்பு வேண்டும். அதுவும் காலாகாலத்தில் வேண்டும்.

என் பெண் ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரில் இருக்கிறாள். நவம்பரில் அவளுக்குப் பிரசவம் என்று ஆகஸ்ட் மாதக் குளிரிலேயே நான் போய் இறங்கினேன். அதே வாரத்தில் இன்னொரு விருந்தாளியும் வந்து சேர்ந்தது. எட்டு வாரக் குட்டி, பொன்னிறம், உடம்பு முழுக்கச் சுருட்டை முடி. பார்த்ததும் மாப்பிள்ளை வைத்த பெயர் 'லட்டு'.

பகலெல்லாம் இருவரும் வேலைக்குப் போய்விடுவார்கள். வீட்டில் நானும் லட்டுவும்தான். முதல் நாள் இரவே என் பெண் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, பாப்பா வர்றதுக்குள்ள இதைப் பழக்கிடணும். முடியலைன்னா யாருக்காவது கொடுத்துடணும்னு அவர் சொல்றார்." சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளை சொல்வதிலும் நியாயம் இருந்தது. பச்சைக் குழந்தை இருக்கிற வீடு அல்லவா?

எங்களுக்கு இருந்தது மூன்றே மாதம். அதில் என்ன செய்தோம் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

டூடில் என்பது என்ன?

லட்டு, 'லாப்ரடூடில்' வகை. லாப்ரடார் நாயும் பூடில் நாயும் கலந்த கலப்பு. இந்தக் கலப்பு பேர் பெற்றதே ஆஸ்திரேலியாவில்தான். அங்கே பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டி நாய்களைப் பழக்கித் தரும் ராயல் கைட் டாக்ஸ் சங்கத்தில் இருந்தவர் வாலி கான்ரன். ஹவாய் தீவிலிருந்து பார்வையற்ற பெண்மணி ஒருவர் வழிகாட்டி நாய் கேட்டார். அவர் கணவருக்கோ நாய் என்றாலே ஒவ்வாமை! முடி உதிராத பூடிலைப் பழக்கிப் பார்க்கலாம் என்று 33 பூடில்களைச் சோதித்தார் கான்ரன். ஒன்றுகூட வேலைக்கு ஒத்துவரவில்லை. கடைசியில், 1989-ல் லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். பிறந்தவை மூன்று குட்டிகள். அவற்றில் 'சுல்தான்' என்ற ஒரே குட்டிதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது.

மூன்றில் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள்! "டூடில் என்றால் முடி உதிராது, ஒவ்வாமை வராது, சாதுவாக இருக்கும்" என்று சொல்லி விற்கிறவர்கள் இதை மட்டும் சொல்வதில்லை. ஒவ்வாமை உண்டாக்குவது நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் உள்ள பொருள். நெதர்லாந்தில் 2012-ல் வெளியான ஓர் ஆய்வில் லாப்ரடூடில் முடியையும் சோதித்தார்கள். அதில் அந்தப் பொருள் குறைவாக இல்லை. கண்டபடி நாய்களைக் கலந்து விற்கும் வழக்கத்துக்குத் தாமே வழி திறந்துவிட்டோமே என்று கான்ரனே 2019-ல் வானொலிப் பேட்டியில் வருந்தினார்.

லாப்ரடார், பூடில் இரண்டுமே ஒரு காலத்தில் வேட்டைப் பறவையைத் தண்ணீரிலிருந்து வாயால் கவ்விக் கொண்டுவரப் பழக்கப்பட்ட இனங்கள். ஆகவே குட்டி எதையும் வாயில்தான் எடுக்கும். புத்தியும் அதிகம், துள்ளலும் அதிகம். பெரிய வகையாக இருந்தால் வளர்ந்தபின் 25 கிலோவுக்கு மேல் நிற்கும். கைக்குழந்தையோடு நிற்கும் தாயின் மேல் அது தாவினால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்.

பதினான்கு வாரக் கெடு

நாய்க்குட்டியின் மனசு ஒரு ஜன்னல் மாதிரி. பிறந்து 3 வாரத்தில் திறக்கிறது. 12 முதல் 14 வாரத்துக்குள் மெள்ள மெள்ள மூடிக்கொள்கிறது. அந்தக் காலத்தில் பயமில்லாமல் பார்த்தது, கேட்டது எல்லாம் 'நம்மவை'. பார்க்காதது எல்லாம் அந்நியம், பின்னால் பயம், பயம் முற்றினால் கடி.

அமெரிக்காவில் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் செய்த ஒரு சோதனை 1961-ல் வெளியானது. வேலி போட்ட வெளியில், மனிதர் பழக்கமே இல்லாமல் குட்டிகளை வளர்த்தார்கள். 14 வாரம் வரை மனிதரோடு பழகாத குட்டிகளைப் பிறகு சகஜமாக்குவது மிகக் கடினமாக இருந்ததாம்.

லட்டு எங்களிடம் வந்தபோதே 8 வாரம் முடிந்துவிட்டது. பாப்பா வரும்போது அதற்கு 5 மாதமாகிவிடும். 'குழந்தை பிறந்த பிறகு பழக்கிக்கொள்ளலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதில் ஒரு சிக்கல். தடுப்பூசி வரிசை முடிய 16 வாரம் ஆகும். அதுவரை, மற்ற நாய்கள் திரியும் பூங்காவில் தரையில் விட்டால் பார்வோ என்ற கொடிய வயிற்றுப்போக்கு நோய் தொற்றலாம். ஊசி முடியட்டும் என்று காத்திருந்தாலோ, ஜன்னல் மூடிவிடும்!

இதற்குக் கால்நடை மருத்துவர் சொன்ன வழி சுலபமானது: "தரையில் விடாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள்." அப்படியே செய்தேன். துணிப்பையில் லட்டுவை இடுப்போடு அணைத்துக்கொண்டு தெருமுனை பெஞ்சில் தினம் பத்து நிமிஷம் உட்காருவேன். டிராம் போகும், சைக்கிள் போகும், தொப்பி வைத்தவர், தாடி வைத்தவர், கைத்தடி ஊன்றியவர், பள்ளிப் பிள்ளைகள்... ஒவ்வொன்றுக்கும் ஒரு துணுக்கு சீஸ். அவ்வளவுதான் பாடம்! முதல் ஊசி போட்டு ஒரு வாரம் கழித்து, ஊசி போட்ட குட்டிகள் மட்டும் வரும் 'குட்டிப் பள்ளி'க்கும் மருத்துவமனையில் சேர்த்தோம்.

ஒன்று முக்கியம். பழக்குவது என்றால் பத்துப் பேர் கையில் கொடுத்துக் கொஞ்சவிடுவது அல்ல. குட்டி தானாக முன்னே வந்தால் சரி. பின்வாங்கினால் நாமும் பின்வாங்க வேண்டும். இழுத்துப்போய்க் காட்டினால் பயம்தான் பதியும்.

குக்கரும் முந்தானையும்

நம் வீட்டுச் சத்தங்கள் எந்த நாய்ப் புத்தகத்திலும் இருக்காது. குக்கர் முதல் விசில் அடித்ததும் லட்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டது. மறுநாளிலிருந்து குக்கர் வைக்கும் நேரத்தில் மாப்பிள்ளை அதைத் தோட்டத்துக் கோடிக்குக் கொண்டுபோனார். அங்கே விசில் மெலிதாகத்தான் கேட்கும். கேட்டதும் ஒரு துண்டு காரட். இரண்டு நாள் கழித்துப் பின்வாசல், பிறகு கூடம், பிறகு சமையலறை வாசல். பத்தே நாளில், விசில் அடித்தால் வாலை ஆட்டிக்கொண்டு என்னிடம் ஓடி வர ஆரம்பித்துவிட்டது! மிக்ஸிக்கும் இதே வைத்தியம்தான்.

அடுத்தது என் முந்தானை. ஆடுகிற எதுவும் குட்டிக்கு விளையாட்டுச் சாமான். நாம் கத்திக்கொண்டு இழுத்தால் அதற்கு இன்னும் குஷி. ஆகவே அசையாமல் நிற்பேன். கயிற்றுப் பொம்மையை எதிரே போடுவேன். புடவையை விட்டுப் பொம்மையைப் பிடித்ததும் "சபாஷ்!"

கடிக்கும் இதே முறைதான். பல் பட்டதும் விளையாட்டு நின்றுவிடும். கையைக் கட்டிக்கொண்டு திரும்பிக்கொள்வேன். கூடப்பிறந்த குட்டிகளும் இப்படித்தான்: ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது 'வீல்' என்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். அடிக்கவே கூடாது. அடி வாங்கிய குட்டி, கை நெருங்கினாலே கடிக்கக் கற்றுக்கொள்ளும். நாளைக்கு நெருங்கப் போவது குழந்தையின் கை அல்லவா?

மாலையில் காரணமில்லாமல் கடித்துக் குதறினால், அது பெரும்பாலும் தூக்கக் கலக்கம். நாய்க்குட்டிக்கு ஒரு நாளில் 18 மணி நேரம் வரை தூக்கம் வேண்டும். நம் குழந்தைகள் தூக்கத்துக்குச் சிணுங்குவதில்லையா? அதே கதைதான். அதன் கூண்டில் போர்வை விரித்துப் படுக்கவிட்டால் ஐந்து நிமிஷத்தில் குறட்டை!

தினசரிப் பாடங்கள்

*வெளிக்குப் போவது:* தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் தோட்டத்தில் ஒரே இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். போனதும் அங்கேயே, அந்த நொடியே தட்டிக்கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் போய்விட்டால் பேசாமல் துடைத்துவிடுங்கள். மூக்கைப் பிடித்துத் தேய்ப்பதால் ஒளிந்துகொண்டு போகத்தான் கற்றுக்கொள்ளும்.

*சீப்பு:* டூடில் முடி மேலே பார்க்கப் பஞ்சு மாதிரி இருக்கும். அடியில் சிக்கு விழுந்து ஜமுக்காளமாகிவிடும். பெண் குழந்தைக்குத் தலை வாருகிற பொறுமையோடு, வேர் வரைக்கும் சீப்பு போக வார வேண்டும். குட்டியிலேயே தினம் இரண்டு நிமிஷம் காது, பாதம், வாய் எல்லாம் தொட்டுப் பழக்கினால், பின்னால் குழந்தை எக்குத்தப்பாகத் தொட்டாலும் திடுக்கிடாது.

*ஒரே சொல்:* மாப்பிள்ளை "சிட்" என்பார். நான் "உட்கார்" என்பேன். என் பெண் "உக்காருடா கண்ணா" என்பாள். வாயில்லா ஜீவன் என்ன செய்யும்? ஐந்து சொல்லைத் தேர்ந்தெடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டினோம். அதற்குப் பிறகு எல்லோர் வாயிலும் அதே சொல்தான். முதல் சட்டம்: நாலு காலும் தரையில் இருந்தால்தான் கொஞ்சல். தாவினால் யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

*அடுக்களை:* சின்ன வெங்காயச் சாம்பார், பூண்டு ரசம், திராட்சை போட்ட பாயசம் — நமக்கு விருந்து, நாய்க்கு விஷம். வெங்காயமும் பூண்டும் ரத்தத்தைக் கெடுக்கும்; திராட்சை, உலர்திராட்சை இரண்டும் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். சாக்லேட்டும், சைலிடால் சேர்த்த சர்க்கரையில்லா மிட்டாயும் கூடவே கூடாது.

பாப்பாவுக்கு முன்னோட்டம்

செப்டம்பரிலேயே குழந்தை அழும் ஒலிப்பதிவை, லட்டு சாப்பிடும் நேரத்தில் மெல்ல வைத்தோம். நாளுக்கு நாள் கொஞ்சம் சத்தம் கூட்டினோம். அழுகை முடிந்தால் ஒரு துண்டு காரட். காலித் தள்ளுவண்டியோடு வீட்டுக்குள் நடை பழக்கினோம். தொட்டில் அறை வாசலில் தடுப்புக் கதவு போட்டு, அதற்கு வெளியே லட்டுவின் பாய். "பாய்" என்றால் அங்கே போய்ப் படுக்க வேண்டும். தனியே இருக்கவும் ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று பழக்கினோம். பாப்பா வந்தபின் நம் நேரம் அதற்குக் கிடைக்காதே! 4 மாதத்தில் பல் விழுந்து முளைக்கத் தொடங்கியபோது, நனைத்து உறையவைத்த துணியைக் கடிக்கக் கொடுத்தோம். நாற்காலிக் கால்கள் தப்பின!

நவம்பரில் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவளைச் சுற்றியிருந்த துணி ஒன்றை மாப்பிள்ளை முதலில் கொண்டுவந்து லட்டுவை முகரவிட்டார். வீட்டுக்கு வந்த அன்று, என் பெண் வெறுங்கையோடு முதலில் உள்ளே வந்து லட்டுவைக் கொஞ்சினாள். பிறகுதான் மாப்பிள்ளை குழந்தையோடு வந்தார். கயிறு என் கையில்.

குழந்தை வீறிட்டு அழுதாள். என் நெஞ்சு படபடத்தது. லட்டு காதை நிமிர்த்தியது, குழந்தையைப் பார்த்தது, உடனே திரும்பி என் முகத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. அழுகை கேட்டால் காரட் வர வேண்டுமே! மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "அத்தை, இனிமே இதை யாருக்கும் கொடுக்க முடியாது. காரட் மட்டும் நிறைய வாங்கணும்" என்றார்.

அதற்காகக் காவலை விடவில்லை. எவ்வளவு நல்ல நாயானாலும் குழந்தையோடு ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடுவதில்லை. பெரியவர் ஒருவர் நடுவில். முடியாவிட்டால் நடுவில் கதவு. இது எந்நாளும் மாறாத சட்டம்.

நம் வீட்டுக்கு

டூடிலுக்குச் சொன்னது ராஜபாளையத்துக்கும் பொருந்தும். தெருவிலிருந்து எடுத்துவரும் நாட்டுக் குட்டிக்கும் பொருந்தும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஆஸ்திரேலியாவில் நாய்களிடம் ரேபிஸ் என்ற வெறிநோய் இல்லை. நம் நாட்டில் உண்டு. ஆகவே குட்டிக்கு 3 மாதமானதும் ரேபிஸ் ஊசி போட்டுவிடுங்கள். மருத்துவர் சொல்லும் கெடுவில் மறுபடியும் போடுங்கள். குட்டிதானே என்று கடியையோ கீறலையோ அலட்சியம் செய்யாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, உடனே டாக்டரிடம் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

குட்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். தாய் நாயை நேரில் பாருங்கள். அது மனிதரைக் கண்டு ஒளிகிறதா, வாலாட்டுகிறதா என்று கவனியுங்கள். குட்டி வந்த முதல் இரண்டு மாதம் வீட்டில் ஆள் இருக்குமா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். இருக்காது என்றால் கொஞ்சம் பொறுத்து வாங்குவதே அந்த ஜீவனுக்குச் செய்யும் நன்மை.

ஐந்தில் வளைய வேண்டும் என்பது பிள்ளைகளுக்குச் சொன்னது. நாய்க்குட்டிக்கு அந்த ஐந்து வருஷமும் சில வாரங்களில் ஓடிவிடுகிறது. அந்தச் சில வாரம் நாம் கூட இருந்தால், பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் அது நம் வீட்டுக்கு நல்ல துணையாக இருக்கும்.