மூளை நரம்பணுக்களுக்கு ஆற்றல் தரும் செரடோனின்: மும்பை ஆய்வு உணர்த்துவது என்ன?

மும்பை: மனநிலையைச் சீராக்கும் வேதிப்பொருளாகப் பலரும் அறிந்த செரடோனின், மூளை நரம்பணுக்களின் ஆற்றல் உற்பத்தியையும் பெருக்குகிறது. மும்பை கொலாபாவில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர்கள் விதிதா வைத்யா, உல்லாஸ் கொல்தூர்-சீதாராம் ஆகியோரின் குழுக்கள் எலியினங்களில் நடத்திய ஆய்வில் இது தெரியவந்தது. அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் 2019-ஆம் ஆண்டு இம்முடிவுகள் வெளியாயின.

ஒரே பொருள், இருவேறு விளைவுகள்

மூளைத்தண்டில் உள்ள நரம்பணுக்களில் சுரக்கும் செரடோனின், நீண்ட நரம்பிழைகள் வழியாகப் பெருமூளைப் புறணியை அடைகிறது. அங்கு அதன் விளைவைத் தீர்மானிப்பவை, நரம்பணுவின் மேற்பரப்பில் அதனைப் பற்றிக்கொள்ளும் 'ஏற்பி' எனப்படும் புரதங்களே. இவற்றில் 14 வகைகள் உள்ளன. செரடோனின் '1ஏ' வகை ஏற்பியுடன் இணைந்தால், பொட்டாசியம் அயனிகள் வெளியேறி நரம்பணுவின் செயல்பாடு தணிகிறது. '2ஏ' வகையுடன் இணைந்தால் நரம்பணு தூண்டப்படுகிறது.

இந்த '2ஏ' ஏற்பியே மும்பை ஆய்வின் மையப்பொருள். அது தூண்டப்படும்போது, 'சர்ட்1', 'பிஜிசி-1 ஆல்ஃபா' ஆகிய புரதங்கள் செயல்படத் தொடங்குகின்றன. அதன் பயனாக, உயிரணுவின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. உயிரணுவுக்கு எரிபொருளாக விளங்கும் 'ஏடிபி' மூலக்கூறின் அளவும் உயர்கிறது.

ஏன் முக்கியம்?

உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வுநிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தைப் பயன்படுத்துகிறது. மைட்டோகாண்ட்ரியாக்களின் செயலிழப்பு, பார்கின்சன், அல்சைமர் போன்ற நோய்களுடன் தொடர்புடையது. செரடோனின் அளிக்கப்பட்ட நரம்பணுக்களில் தீங்கு விளைவிக்கும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் குறைந்தன. மிகைத்தூண்டலால் நேரும் சேதத்தையும் அவை கூடுதலாகத் தாங்கின. 'சர்ட்1' இல்லாவிடில் இப்பாதுகாப்பு கிடைக்கவில்லை.

எனினும், இவை எலியினங்களில் கிடைத்த முடிவுகள். மனிதர்களுக்கான சிகிச்சையாக மாறவில்லை. எல்.எஸ்.டி. போன்ற போதைப்பொருள்கள் மாயத்தோற்றங்களை உண்டாக்குவதும் இதே '2ஏ' ஏற்பி வழியாகத்தான். ஆகவே, ஏற்பியைத் தூண்டுவது மட்டும் மருந்தாகிவிடாது. மாயத்தோற்றமின்றிப் பாதுகாப்பை மட்டும் பெறுவதே ஆய்வாளர்கள் முன்னுள்ள சவால். செரடோனின் அளவை மாற்றும் மாத்திரைகளை மருத்துவரின் ஆலோசனையின்றித் தொடங்குவதோ நிறுத்துவதோ ஆபத்தானது.