பின்னாலிருந்து சொல்லச் சொல்வது ஏன்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உடையோருக்கான ஒன்றிய அரசு நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. இதுபோன்ற இடங்களில் உளவியல் மதிப்பீடு முடிந்து கைக்கு வரும் அறிக்கையில் ‘செயல்நினைவு குறைவு’ என்று ஒரு வரி இருக்கலாம். பிள்ளைக்கு ஞாபகசக்தியே இல்லையோ என்று பெற்றோர் கலங்கிப்போகிறார்கள். கலங்குமுன் அந்த மதிப்பெண் எப்படி வந்தது என்று பாருங்கள்.

47ஐயும் 38ஐயும் மனக்கணக்காகக் கூட்டும்போது ‘மனசுல ஒண்ணு’ என்கிறோமே, அந்த ஒன்று இருக்கும் இடம்தான் செயல்நினைவு. சில நொடி பிடித்துவைத்து, அதைக்கொண்டே வேலையும் செய்வது.

சோதிப்பவர் நொடிக்கு ஓர் எண்ணாக 5, 8, 2 என்று வாசிப்பார். பிள்ளை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த வரிசையில் ஓர் எண் கூடும். 1887இல் ஜோசப் ஜேக்கப்ஸ் லண்டன் மாணவிகளிடம் செய்து பார்த்த முறை இது. இந்தியக் குழந்தைகளுக்காக மாலின் என்பவர் தகவமைத்த நுண்ணறிவுச் சோதனையிலும் உண்டு. ஆனால் அதே வரிசையில் திருப்பிச் சொல்வதற்குப் பிடித்துவைத்தால் போதும். 2, 8, 5 என்று பின்னாலிருந்து சொல்லும்போதுதான் மனம் வரிசையை மாற்றும் வேலையையும் செய்கிறது. பெரியவர்களே முன்னோக்கி ஏழு சொன்னால் பின்னோக்கி ஒன்றிரண்டு குறைவாகத்தான் சொல்வார்கள். இரண்டையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாகப் போட்டிருந்தால், தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

எந்த மொழியில் கேட்டார்கள் என்பதும் முக்கியம். எண்களை மனசுக்குள் முணுமுணுத்தே தக்கவைக்கிறோம். உச்சரிக்க நேரமானால் குறைவாகவே நிற்கும். வெல்ஷும் ஆங்கிலமும் அறிந்தவர்கள், உச்சரிக்க நேரம் பிடிக்கும் வெல்ஷ் எண்களில் குறைவாக நினைவில் வைத்ததை 1980இல் எல்லிஸும் ஹென்னெலியும் காட்டினார்கள். தமிழில் ஒன்று முதல் ஒன்பது வரை எதுவும் ஓரசையில் முடிவதில்லை. தமிழில் பதில் சொன்ன பிள்ளையை ஆங்கிலக் குழந்தைகளின் சராசரியோடு ஒப்பிடுவது அநியாயம் என்றே நினைக்கிறேன். பிள்ளை எந்த மொழியில் எண்ணிப் பழகியதோ அதில்தான் கேட்க வேண்டும்.

பேச்சு வராத பிள்ளைக்கு வேறு வழி உண்டு. பலகையில் ஒன்பது கட்டைகள். சோதிப்பவர் தொட்ட வரிசையிலேயே பிள்ளையும் தொட வேண்டும். மான்ட்ரியலில் ஆய்வு மாணவராக இருந்த பிலிப் கோர்சி 1972இல் தந்தது. சொல்லே தேவையில்லை, ஆனால் கண்ணும் கையும் ஒத்துழைக்க வேண்டும். கை நடுங்கும் பிள்ளை கட்டையைத் தவறவிட்டால் அது நினைவின் குறை ஆகாது.

செய்யூரிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி, பசியோடு வந்து உட்கார்ந்த பிள்ளைக்கும் மதிப்பெண் இறங்கும். அப்படியானால் வேறொரு நாள் மறுபடி சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.